மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

அப்பா சமையலறையில் யாரிடமோ அரபியில் பேசிக்கொண்டிருந்தார்.

ஸரீனா படுத்தபடியே கேட்டாள். மதியச் சாப்பாடு வயிற்றில் கல்லாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றி, இரவு முழுக்க மின்தட்டின் மேல் விட்டு, சனிக்கிழமை மதியம் இறக்கும் ஹமீன். கோதுமையும் பயறும் மாட்டிறைச்சியும் தோலோடு பழுப்பேறிய முட்டைகளும் ஒன்றாக வெந்து குழைந்த அந்தச் சாப்பாட்டை இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அவள் நான்கு கரண்டி சாப்பிட்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் காதில் ஏதோ ஓடுகிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தபோது மறுபடி கேட்டது.

"இன்னும் இல்ல, கண்ணு. இன்னும் நேரமிருக்கு."

குரல் அப்பாவுடையதுதான். அந்தக் குழைவுதான் அவருடையது இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் தன்னை ஒரு தடவைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று நினைத்தபோது, வெட்கங்கெட்ட பொறாமை ஒன்று அவளுக்கு வந்து போனது. அதோடு, அரபி. அப்பா ரஹமீம் இந்த ஊரின் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜெபத்துக்கு எபிரேயம், தன் அம்மாவிடம் யூதர்களின் ஸ்பானியமான லடீனோ, தெருவில் அரபி என்று மூன்று மொழியில் வளர்ந்த வாய் அது. சந்தையில் தக்காளிக்காரனோடு அரபியில்தான் சண்டை போடுவார். ஆனால் இந்த வீட்டு வாசற்படியை மிதித்தால் அந்த மொழி நின்றுவிடும். வீட்டுக்குள் அவர் அதைப் பேசி அவள் கேட்டதே இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். அப்பா முக்காலி போட்டு உணவு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஜெபச் சங்கீதப் புத்தகம் மூடியபடி இருந்தது. வேறு யாரும் இல்லை.

"யார்கிட்டப்பா பேசுறீங்க?"

"இங்க யார் இருக்கா? சங்கீதம் சொல்லிட்டிருந்தேன்."

"அரபியிலயா?"

"ஹமீன் உன் காதுவரைக்கும் ஏறிடுச்சு. போய் இன்னும் கொஞ்சம் தூங்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேதான் இதைச் சொன்னார்.

அவரை ஹைஃபாவுக்குக் கூட்டிப்போகத்தான் அவள் வந்திருந்தாள். அம்மா போய் மூன்று வருஷம். எழுபத்தேழு வயதில், வழுக்கும் கல்படிகள் உள்ள வீட்டில், தனியாக. அண்ணன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அக்கறை காட்டுவதோடு சரி. அவள் மருந்துக்கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறியிருந்தாள். மலைப்பாதையில் பஸ் மூச்சு வாங்கி ஏறும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்து கனக்கும். இந்த ஊரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழுவதற்கென்று ஒரு நாள் உண்டு, அடுத்தவன் அழும் நாள் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஹைஃபாவில் கடல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. அப்பாவின் வீட்டில் அவள் இருக்கும்வரை, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் சபத் ஓய்வுநாளை ஒழுங்காக அனுசரிக்க வேண்டும். விளக்குப் போடக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது, தொலைபேசியைத் தொடக் கூடாது. அப்படி இருந்தால், சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரிந்து சபத் முடிந்ததும், ஹைஃபாவுக்கு வருகிறேனா இல்லையா என்று அவர் பதில் சொல்வார். அவள் ஒப்புக்கொண்டாள். பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்கு ஏறக்குறைய தெரியும். காரணம்தான் தெரியாது.

மூன்று மணிக்கு மாடிவீட்டு ஸுல்ட்டானா பாதாம் பலகாரத் தட்டோடு படியிறங்கி வந்தாள். மராக்கேஷிலிருந்து வந்து நாற்பது வருஷம் ஆகியும் கைவளையல்களின் சத்தம் குறையாதவள்.

"சபத் ஷாலோம்! வந்துட்டியா ஹைஃபாக்காரி! அங்கெல்லாம் சபத் அன்னிக்கு கடல்ல குளிப்பீங்களாமே? கடவுள் கண்ண மூடிக்கிறாரா, இல்ல அவரும் குளிக்க வர்றாரா?"

"வந்தார்னா துண்டு கொடுப்போம் அக்கா."

"நாக்கப் பாரு!" ஸுல்ட்டானா தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "பிள்ளைங்கள யாரையும் கூட்டிட்டு வரலையா நீ?"

"எனக்கு ஏது பிள்ளைங்க?"

"காலையிலேர்ந்து டொக்கு டொக்குன்னு கேக்குதேன்னு கேட்டேன். பந்து தட்டுற மாதிரி. போன சனிக்கிழமையும் கேட்டுச்சு."

ஸரீனா அப்பாவைப் பார்த்தாள். அவர் பலகாரத்தை எடுத்து அதற்கான துதியை முணுமுணுத்து மெல்ல ஆரம்பித்திருந்தார். மெல்லுவது நீண்டுகொண்டே போனது.

"பழைய பைப்பு," என்றார் கடைசியில்.

"பைப்புதான். இந்த ஊர்ல பைப்பு கூட ஜெபம் பண்ணும்," என்று ஸுல்ட்டானா சிரித்தாள். வளையல் சத்தம் படியேறி, மேலே ஒரு கதவு மூடி, வீடு மறுபடி அமைதியானது.

அந்த அமைதியில்தான் அவளுக்கும் கேட்டது. டொக். வெகுநேரம் கழித்து, டொக். பைப்பில் வரும் சத்தத்துக்கு ஓட்டம் இருக்கும், சுவரோடு போகும். இது ஒரே இடத்திலிருந்து வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றாள். பூப்போட்ட பழைய தரையோடுகள், யாரோ ஒருவர் தன் வீட்டுக்கென்று ஆசையாகத் தேர்ந்தெடுத்தவை, உள்ளங்காலில் ஐஸாகக் குளிர்ந்தன. அடுத்த டொக் அவள் குதிகாலில் ஏறியது.

நான்கு மணிக்கு சமையலறை விளக்கு எரிய வேண்டும். டைமரில் ஊசிகளை அவள்தான் குத்தியிருந்தாள். சபத் நாளில் விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். நான்கு மணி ஆனது. எரியவில்லை. நான்கு பத்து. ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் காலையில் எழுந்தபோது சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குப் பதில் விடிகாலை நான்கு மணியில் ஊசியைக் குத்தியிருக்கிறாள். பதினைந்து வருஷம் ஹைஃபாவில் இருந்தால் கை இதையெல்லாம் மறந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

"ஸாரிப்பா. டைமரத் தப்பா வெச்சுட்டேன்."

"பரவாயில்ல. இருட்டு ஒண்ணும் கடிக்காது." ஆனால் அவர் முக்காலியை இன்னும் கொஞ்சம் அலமாரி பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அந்த அலமாரி. அவள் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் இந்த வீட்டில் கட்டில்கள் புரளும், புத்தகங்களைப் பக்கம் பக்கமாக உதறுவார்கள், ஒரு ரொட்டித் துணுக்கு வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மா சட்டைப்பைகளைக்கூட வெளியே இழுத்துவிடுவாள். இந்த அலமாரியை மட்டும் யாரும் நகர்த்தியதில்லை. அதைப் பற்றி ஒரு பேச்சுக்கூட வராது. ஒன்பது வயதில் ஸரீனா துடைப்பக் கட்டையை அதன் கீழே விட்டுத் துழாவினாள். இரும்பில் மோதியது. தலையைத் தரையில் வைத்துப் பார்த்தாள்: வட்டமான ஒரு கல் மூடி, அதன் நடுவில் துருப்பிடித்த வளையம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லாம் பாறையைக் குடைந்து மழைநீர்க் கிணறு வைத்திருப்பார்கள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி அப்பா அவள் தோளைப் பிடித்து, வலிக்கும்படி பிடித்து, சொன்னார்: "யார் கேட்டாலும் இந்த வீட்டுல கிணறு கிடையாது. சொல்லு." அவள் சொன்னாள். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள்.

அடுத்த வருஷம் ஒருத்தி கேட்டாள்.

போர் முடிந்து நகரத்தின் நடுவே இருந்த முள்வேலியை எடுத்த கோடை அது. பத்தொன்பது வருஷம் பார்க்க முடியாமல் இருந்த வீடுகளைப் பார்க்க எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கம், இந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கம். ஒரு சனிக்கிழமை அப்பா நடந்தே பழைய நகரத்துக்குப் போனார், தான் துரத்தப்பட்ட வீட்டின் படிக்கட்டு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க. அம்மாவும் கூடவே போனாள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட உடை, கைப்பை, உதட்டுச்சாயம். பெரிய மனிதர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் மாதிரி வெளியே நின்றாள். பெயர் நஜ்லா என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். சமையலறை வாசலில் நின்று அதை மெல்லக் குடித்தாள். பிறகு, ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் பேசுகிறோம் என்பதால் எளிய அரபியில், நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"இங்க ஒரு கிணறு இருந்துச்சு. குண்டு விழறப்போ என் தம்பி யுஸ்ரி அதுக்குள்ள இறங்கி ஒளிஞ்சுப்பான். ஓடி வந்த அன்னிக்கு அவன் யாரோட வண்டியிலோ ஏறிட்டான்னு நினைச்சோம். ஏறல. நீங்க வந்தப்போ கிணத்துல ஏதாவது இருந்துச்சா, கண்ணு? ஒரு செருப்பாவது?"

தனக்குப் புரிந்தது என்பதுதான் ஸரீனாவை முப்பத்திரண்டு வருஷமாக அரித்தது. சந்தையில் அப்பா பேசக் கேட்டுப் பழகிய மொழி, ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அந்தப் பெண்ணின் கண் அலமாரிக்குக் கீழே போய் நின்றதையும் அவள் பார்த்தாள். "இந்த வீட்டுல கிணறு கிடையாது," என்றாள், படித்த பாடம் மாதிரி. நஜ்லா டம்ளரைக் கழுவி, துடைத்து, சரியாக அதை வைக்க வேண்டிய அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஸரீனா இதைக் கணவனிடம் சொன்னதில்லை. விவாகரத்துக்குப் பிறகு ஒரு மருத்துவரிடம் வாரா வாரம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். இதைச் சொல்லவில்லை.

டொக்.

ஜன்னலில் வெயில் போய்விட்டது. அப்பாவின் தாடி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"அப்பா. அது பைப்பு இல்ல."

அவர் மடியிலிருந்த புத்தகத்தைத் தடவினார்.

"ஒரு தடவை ஒருத்தி வந்தா. உங்ககிட்ட நான் சொல்லல. கிணறப் பத்திக் கேட்டா. அவளோட தம்பி..."

"பேரு சொன்னாளா?"

"யுஸ்ரி."

அப்பா அந்தப் பெயரைச் சத்தம் வராமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எனக்குப் பேரு தெரியாது," என்றார். "நான் கேக்கல. பேரு கேட்டா அப்புறம் முடியாதுன்னு கேக்கல."

சமையலறையில் ஆறிப்போன ஹமீன் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. மூடிய கல், பாசி, நெடுநாள் தண்ணீர். இந்தக் குளிர்காலத்தில் இன்னும் ஒரு மழைகூடப் பெய்யவில்லை.

"பழைய நகரத்துலேர்ந்து எங்கள வெரட்டினப்போ எங்கப்பாவோட புஸ்தகங்கள எடுக்கக்கூட விடல," என்றார். அலமாரியைப் பார்த்தே பேசினார். "மூணு எடத்துல மூட்டையோட தூங்கினோம். பள்ளிக்கூடத் தரையில, ஜெபக்கூடத்துல, ஒரு மாடிப்படிக்குக் கீழ. உங்கண்ணன் தவழற குழந்தை. அப்புறம் இந்த வீட்டக் காட்டினாங்க. கதவு திறந்து கிடந்துச்சு. மேஜையில சாப்பாட்டுத் தட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம். குழந்தை விழுந்துடப் போறானேன்னு பக்கத்து ஆளோட சேர்ந்து கிணத்து மூடியத் தூக்கிப் போட்டேன். சத்தியமா அதுக்குத்தான் போட்டேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. நாங்க யாருன்னு தெரியாம வாய மூடிட்டு இருந்திருப்பான். மறுநாள் காலையில, சபத் அன்னிக்கு, தட்டினான்."

டொக்.

"மாமான்னு கூப்பிட்டான். கால்ல அடி பட்டிருக்கு, மேல ஏற முடியல, மூடியத் திறங்கன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?" அவர் இப்போது சிரித்தார் என்றே அவளுக்குப் பட்டது; ஆனால் அது சிரிப்பில்லை. "இன்னிக்கு சபத், கண்ணு. கல்லத் தூக்கக் கூடாது. மூணு நட்சத்திரம் வரட்டும், திறக்கிறேன்னேன்."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் சபத்தை உடைக்க வேண்டும். ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே போதும். யாரிடமாவது கேட்டுக்கொண்டு நிற்பதுகூடக் குற்றம். ரஹமீமின் அப்பா அதை வருஷக்கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே. யூதர் தெருவுல வளர்ந்த பையன், சபத்னா என்னன்னு நல்லா தெரியும், ஆனா இந்தச் சட்டம் தெரியாது. 'சரி மாமா, காத்திருக்கேன்'னான். கோபமே இல்ல. அப்பப்போ கேட்டான். 'வந்துடுச்சா மாமா?' இன்னும் இல்ல கண்ணு. 'இப்ப வந்துடுச்சா?' இன்னும் இல்ல. உங்கம்மா காத மூடிட்டுப் பக்கத்து ரூமுல உட்காந்திருந்தா. அப்புறம் நட்சத்திரம் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. தெளிவா தெரிஞ்சுது. அவன் கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் இல்லன்னேன்."

"ஏன்ப்பா?"

அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "அவன் ஏறி வந்தா வீடு அவனோடது."

வெட்கம் என்றால் முகம் சுடும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அவளுக்குக் கை கால் ஜில்லிட்டது. இந்த மனிதரை வெறுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வெறுப்பு வருவதற்குள், கழுவித் துடைத்து வைத்த டம்ளர் கண்முன் வந்து நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை அவன் கேக்கல," என்றார் அப்பா. "திங்கக்கிழமையும் இல்ல. அலமாரிய இழுத்து அதுமேல வெச்சேன். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேத்தினப்புறம் மறுபடி தட்டினான். அன்னியிலேர்ந்து ஒரு சபத் விட்டதில்ல. முன்னல்லாம் நீங்க தூங்கறப்போதான் தட்டுவான், இப்பதான் பகல்லயும்; நான் பதில் சொல்லுவேன், அவன் சரிம்பான். அப்புறம் ஒரு வாரம் அமைதி. ஐம்பது வருஷமா அவன் நான் சொல்றத நம்பறான், ஸரீனா. நான் ஹைஃபாவுக்கு வந்துட்டா அவனுக்கு யார் பதில் சொல்றது?"

டொக். டொக்.

இருட்டிக்கொண்டே வந்தது. அலமாரியின் கால்கள் தெரியவில்லை. அப்பாவின் கைகள் தெரியவில்லை. அவள் ஒரே எட்டில் சுவருக்குப் போய் சுவிட்சை அழுத்தினாள். க்ளிக். ஒன்றும் எரியவில்லை, மின்சாரம் டைமர் வழியாகத்தானே வர வேண்டும். மறுபடி அழுத்தினாள். க்ளிக். க்ளிக். அப்போதுதான் தான் செய்துகொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. தன் பயத்துக்காக சபத்தை உடைக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. கையை எடுத்தாள்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லியது. மரியாதையானது. தூரத்தில் இல்லை.

"மாமா. வந்துடுச்சா?"

அப்பா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். வெட்கத்தில் நொறுங்கிய அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னால இனிமே முடியாது," என்று கிசுகிசுத்தார். "நீ சொல்லிடு."

"சொல்ல மாட்டேன். திறக்கப் போறேன்."

"ஸரீனா..."

"ஒரு செருப்பாவது இருந்துச்சான்னு கேட்டா அவ!"

அவள் அலமாரியில் தோளைக் கொடுத்தாள். ஜாடிகள் ஒன்றோடொன்று மோதின. அரிசி டப்பா விழுந்து உருண்டது. அலமாரி நகரவில்லை. பிறகு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண், கால்கள் தரையோட்டைக் கீறிக்கொண்டு. கல் மூடியின் வட்டம் வெளியே வந்தது. அவள் மண்டியிட்டாள். துழாவினாள். வளையம். ஈரம். இரண்டு கையாலும் பிடித்தாள்.

முன்னறையில் அப்பா சங்கீதம் சொல்ல ஆரம்பித்திருந்தார். எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. சத்தமாகச் சொன்னார். இன்னும் சத்தமாக.

"அக்கா?"

குரல் அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே இருந்தது.

"அக்கா. வந்துடுச்சா?"

அவள் நிமிர்ந்தாள். தலைக்கு மேலே ஜன்னல். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே வானம். ஒன்று. தள்ளி, இன்னொன்று. அவற்றுக்குக் கீழே, சின்னதாக, மூன்றாவது. மேகமே இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆமாம் என்று சொன்னால் போதும். இழுத்தால் போதும்.

வளையம் கனத்தது. அவள் பிறந்த கட்டில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். அம்மா செத்த கட்டிலும் அதுதான். கதவு நிலையில் அவள் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், வருஷத்துக்கு ஒன்று. கோடுகளுக்கு அடியில் பழைய சுண்ணாம்புக்குள் வேறு கோடுகள் இருந்தன. அவள் அவற்றையும் பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு பையனை நிறுத்திக் குறித்திருக்கிறார்கள். இழு. இழுடி. கை கேட்கவில்லை. கல்லுக்கு அடியில் அவன் மூச்சு விட்டான். காத்திருந்தான். அவன் என்றைக்கும் அவசரப்படுத்தியதே இல்லை.

வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது அரபி. அப்பாவின் குழைவோடு.

"இன்னும் இல்ல, கண்ணு."

அமைதி.

சங்கீதமும் நின்றுவிட்டது. அலமாரிக்குள் ஒரு ஜாடி மெல்ல ஆடி அடங்கியது. சரி அக்கா என்ற பதிலுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. கல்லுக்கு அடியில் மூச்சு இல்லை. தட்டல் இல்லை. கீழே எதுவுமே இல்லை.

அவள் காதோரம் ஏதோ ஈரமாக மூச்சுவிட்டது.

"ஒண்ணு," என்றது.

ஜன்னல் கண்ணாடியில், முதல் நட்சத்திரத்தின் மேல், ஒரு சின்ன ஈர விரல்தடம் விழுந்தது. சரியாக அதன் மேல். நட்சத்திரம் தண்ணீருக்குள் நடுங்கியது.

"ரெண்டு."

இரண்டாவதின் மேல். அவள் தலையைத் திருப்பவில்லை. அவள் கண் இருந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் தடமும் நட்சத்திரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அவ்வளவு பக்கத்தில் இன்னொரு கன்னம் இருந்தது. குளிர்ந்த, சின்னக் கன்னம்.

"மூணு."

மூன்று தடங்களிலிருந்தும் தண்ணீர் மெல்லக் கண்ணாடியில் வழிந்தது. அவளுடைய இரண்டு கைகளும் இரும்பு வளையத்தில் இருந்தன. அந்தக் கைகளின் மேல், விரலுக்கு விரல் பொருத்தி, இரண்டு சின்ன ஈரக் கைகள் வந்து உட்கார்ந்தன.